கொழும்புப் பாணி

பேத்திக்கு அப்போது ஆறு வயது. தலையில் படர்தாமரை வந்து ஒரு பக்கம் முடி கொட்டிவிட்டது. ஜெர்மனியில், எசன் நகரில் பிள்ளைகளைப் பார்க்கும் டொக்டர் பூஞ்சணத்துக்குக் குடிக்கிற பங்கஸ் மருந்து எழுதினார். தொப்பி போட்டுப் பள்ளிக்கூடம் போனாள். அதுவும் அவளுக்கு நல்ல வடிவு.

வேறு மருந்து கொடுத்தால் தன்னிடம் சொல்ல வேண்டும் என்றார் டொக்டர். மகள் தலையாட்டினாள்.

அந்த மருந்தால் பிள்ளைக்கு வயிற்றைக் குமட்டியது. மகள் சத்தி, வாந்திக்குக் கொடுக்கும் பாணியை, அந்த இனிப்புச் சிரப்பை, எடுத்துக் கொடுத்துவந்தாள். கொழும்பிலிருந்து யார் வந்தாலும் ஒடியல் மாவோடும் மிளகாய்த்தூளோடும் அந்தப் போத்தலும் வரும், குசினி அலுமாரியில் தூளோடேயே இருக்கும். எங்கள் வீடுகளில் மருந்து என்றால் ஜெர்மன் டொக்டர் எழுதித் தருவதுதான்.

ஒரு மத்தியானம் பள்ளிக்கூடத்தால் வந்தவள் மாடிப்படியில் இருந்துவிட்டாள்.

“அம்மம்மா, நெஞ்சுக்குள்ளை ஆரோ ஓடுகினம்.”

கையை வைத்துப் பார்த்தேன். நூல் அறுந்த பிறகும் தையல் மெஷின் வெறுமனே ஓடுமே, அப்படி ஓடியது. பிறகு பிள்ளை என் மடியில் சரிந்தாள்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சு முழுக்க வயர். கண் விழித்துவிட்டாள். ஆனாலும் திரையில் கோடு ஒழுங்காக ஓடவில்லை. பங்கஸ் மருந்தோடு வேறு ஏதும் கொடுத்தீர்களா என்று அங்கிருந்த டொக்டர் கேட்டார். மகள் இல்லை என்றாள்.

“கொழும்புப் பாணி குடிச்சனான்தானே” என்றாள் பேத்தி.

“அது மருந்தில்லையடி.”

“கரண்டியாலை அளந்துதானே தாறனீங்கள்?”

அந்த வாய்க்காரி டொக்டரிடம் திரும்பி ஜெர்மனில் எல்லாவற்றையும் சொன்னாள். டொக்டரின் முகம் மாறியது. அவர் விளக்கியதை மகள் சுவரைப் பார்த்தபடி எனக்குச் சொன்னாள்:

“பங்கஸ் மருந்து அந்தப் பாணியை உடம்பாலை கழிய விடாதாம் அம்மா. அது ரத்தத்திலை கூடித்தான் நெஞ்சிடி குழம்பினதாம். இன்னொரு தரம் குடுத்திருந்தா...”



பாணியை நிறுத்தினார்கள், பங்கஸ் மருந்தையும் மாற்றினார்கள், கோடு நேரானது. முடியும் சுருள் சுருளாய் வளர்ந்தது. எண்ணெய் வைக்க இருத்தினால் எனக்குச் சந்தோசம் தாங்காது. ஆனால் இடது கை தானாகவே அவள் முதுகில் போய் நிற்கும்.

“அடிக்குதோ அம்மம்மா?”

“ஓம், அடிக்குது.”

“பிறகேன் கையை எடுக்கிறீங்களில்லை?”

“எடுக்கிறன் பிள்ளை” என்பேன். அடுத்த துடிப்பும் வரட்டும் என்று இருப்பேன்.