திரைக்குப் பின்னால் பூவம்மாள்

நாற்பது பேர். எண்ணிக்கையை மறக்க வேண்டாம். பேரணாம்பட்டு டூரிங் கொட்டகையில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து படம் பார்க்கிறவர்கள் அத்தனை பேர். எல்லோரும் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்கிறவர்கள். முன்பக்கத்தில் உட்கார்ந்தால் நாறுமாம். டிக்கெட் விலை மட்டும் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான்.

அந்த நாற்பதில் முதலில் வருகிறவள் பூவம்மாள். சனிக்கிழமை ஆவாரம்பட்டை இடித்த கையைக் கழுவிக்கொண்டு நேரே கொட்டகைக்கு வந்துவிடுவாள். எத்தனை கழுவினாலும் கை செங்கல் நிறம்தான். பின்பக்கமும் படம் தெரிவதற்காகத் திரைத்துணியில் தண்ணீர் அடிப்பார்கள். அந்த ஈரம் மேலே சொட்டுகிற இடத்தில் காலை நீட்டி உட்காருவாள்.

பேசும் படம் இந்தப் பக்கம் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. சீமையிலிருந்து வரும் ஊமைப் படம் ஒன்றையும் அவள் விட்டதில்லை. திங்கட்கிழமை ஷாப்பில் கதை சொல்கிறவளும் அவள்தான்.

"தொரைங்க எல்லாம் பீச்சாங்கைக்காரங்கடீ. துன்றது, கத்தி புடிக்கிறது, கை குடுக்கிறது, அல்லாம் அதாலதான்."

துரையைக் கிட்டத்தில் பார்த்தவர் யார்? நம்பினார்கள்.

சீமைத் துணிக்கு மறியல் செய்த கையோடு கதர்த் தொண்டர்கள் நாங்கள் சீமைப் படத்துக்கும் செய்தோம். வாசலில் அவளிடம் நோட்டீஸை நீட்டினேன்.

"சீமைப் படம் வேணாங்க்கா. நம்ம தேசத்துலயே எடுக்கிறாங்க. அதைப் பாருங்க."

"இன்னாத்துக்கு?"

"அது நம்ம படம்."

"நம்ம படம்னா என்னிய முன்னாடி குந்த வெப்பாங்களா? நோட்டீசுல அது போட்டுக்கீதா, படி பாக்கலாம்."

போடவில்லை.

"அப்ப நவுருப்பா. படம் போட்டுட்டான்."

மறியல் பேஜாரில் கொட்டகை முதலாளி காசிநாதன் கடைசியில் பம்பாய்ப் படம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் ஒரு கல்யாணம். புது மருமகள் வாசற்படி தாண்டி வீட்டுக்குள் கால் வைத்தாள். இடது கால்.

"அடிப்பாவி! பீச்சாங்கால வெச்சு வர்றாளே! குடும்பம் வெளங்குமா?" பூவம்மாள் கத்தினாள்.

திரைக்கு அந்தப் பக்கம் சிரிப்பு. "சோத்தாங்கால்தான் வெச்சா! கண்ணத் தொடச்சிக்கினு பாரு!" என்று ஒருவன் பதில் கொடுத்தான்.

மாப்பிள்ளை சாப்பிட உட்கார்ந்தான். இடது கையால் சோற்றைப் பிசைந்தான். பூவம்மாள் அவன் கையைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள்.

"தொரைங்க மேல தப்பில்லடீ," என்றாள் பக்கத்திலிருந்தவளிடம். "நம்மளத்தான் தலகீழா குந்த வெச்சுக்கீறானுங்க."

எழுந்தாள். திரையைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனாள். குறுக்கே கயிறு. கயிற்றுக்கு அந்தப் பக்கம் காசிநாதன்.

"ஏய், ஒன் எடம் அங்க."

"அங்க படம் தப்பா தெரியுது."

"இத்தினி வருசம் தெரிலியா?"

"இத்தினி வருசம் நம்ம படம் போடலியே, மொதலாளி."

கயிற்றைத் தூக்கினாள். வலது காலை எடுத்து முன்னே வைத்தாள். மணலில் உட்கார்ந்தாள்.

அவளுக்குப் பின்னாலேயே முப்பத்தொன்பது பேர்.