துணைக்கு வந்தவர்

வாஞ்சிநாதன் அன்று காலை மூன்று பேண்ட்களை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டிருந்தார். அடியில் பைஜாமா, அதற்கு மேல் ஆபீஸ் கம்பளிப் பேண்ட், எல்லாவற்றுக்கும் மேலே வாடகைக்கு எடுத்த பனிச்சறுக்குப் பேண்ட். தலையில் குரங்குக் குல்லாய். வெர்மாண்ட் மலையடிவாரத்தில் அந்த மோட்டலின் வாசலில் தொங்கிய தெர்மாமீட்டர் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு காட்டியது, பாரன்ஹீட்டில். நியூ ஜெர்சியில் குடிநீர்க் குழாய்கள் எந்தக் குளிரில் வெடிக்கும் என்று கணக்குப் போடுவதுதான் அவருக்குச் சம்பளம் தரும் வேலை. இந்தக் குளிரில் எல்லாக் குழாயும் வெடிக்கும் என்று தெரிந்துதான் வந்திருந்தார். யார் மேல் எரிந்து விழுவது என்பதுதான் தெரியவில்லை.

"இந்தக் குளிர்ல மனுஷா வெளில போவாளா?" என்றாள் மனைவி அனந்தலக்ஷ்மி, கம்பளியை விட்டு மூக்கைக்கூட எடுக்காமல். "நான் வரலை. நீங்களே போய் உங்க பொண்ணுக்குக் காவல் இருங்கோ."

"காவல் இல்லை. துணை."

"ரெண்டும் ஒண்ணுதான். போங்கோ."

அவருக்கு இரண்டும் ஒன்றில்லை. தென்காசியில் நான்கு அக்காக்களுக்குப் பின் பிறந்த ஒரே பையன் அவர். எட்டு வயதில் பெரிய அக்காவுக்குத் துணையாக டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போக ஆரம்பித்தார். அக்கா உள்ளே தட்டிக்கொண்டிருப்பாள், இவர் வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பார். அப்புறம் அடுத்தவளுக்குப் பாட்டு கிளாஸ், அதற்கடுத்தவளுக்குக் காலேஜ் பஸ், கடைசி அக்காவுக்குக் கண் டாக்டர். துணைக்குப் போகிறவன் ஒன்றும் செய்ய வேண்டாம், அங்கே இருந்தால் போதும். அந்த வேலையை அவர் குறை சொல்ல முடியாதபடி செய்தார்.

அமெரிக்கா வந்து பதினேழு வருஷமாகியும் விடவில்லை. வெஸ்ட் வின்ட்சரில் மகள் ஷ்யாமளாவின் நீச்சல் கிளாஸ், வயலின் கிளாஸ், லைப்ரரி என்று எல்லா வாசலிலும் அவருடைய பழுப்பு ஸ்டேஷன் வேகன் நின்றது. அவளுடைய சிநேகிதி லிசாவின் பிறந்தநாள் பார்ட்டியன்று தெருமுனையில் இரண்டு மணி நேரம் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். லிசாவின் அம்மா போலீஸைக் கூப்பிடப் போனை எடுத்துவிட்டாளாம். அதில் என்ன தப்பு என்று அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இந்த ஜனவரியில் பள்ளிக்கூடத்து ஸ்கீ கிளப்பிலிருந்து பனிச்சறுக்குப் பயணத்துக்கு ஒரு படிவம் வந்தது. ஷ்யாமளாவுக்குப் பதினாலு வயது. இரண்டு ராத்திரி வெளியூரில் தங்கல், பையன்களும் பெண்களும் ஒரே பஸ். முடியாது என்றார். அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஆபீஸில் குழாய்க் கணக்கு போட்டுக்கொண்டிருக்கும்போதே அவருக்கு வழி தோன்றிவிட்டது. அதே மலை, அதே வாரக் கடைசி, ஆனால் குடும்பமாகப் போவது. ரைஸ் குக்கரையும் எடுத்துக்கொண்டால் சாப்பாட்டுப் பிரச்சினையும் தீர்ந்தது. வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னார். ஷ்யாமளா முன்பைவிட அதிகமாக அழுதாள். கேட்டது கிடைத்த பிறகும் அழுகிற பெண்ணை வைத்துக்கொண்டு ஒரு தகப்பன் என்னதான் செய்வது?

வழி நெடுக வாக்மேனைக் காதில் மாட்டிக்கொண்டு வாய் திறக்காமல் வந்தாள். மலை கண்ணில் பட்டதும் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். அவளுக்குத் தமிழ் அத்தனையும் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வரும்.

"ஆன் த மவுன்டன் யூ டோன்ட் நோ மீ, அப்பா. ப்ராமிஸ்?"

பெற்ற பெண்ணைத் தெரியாத மாதிரி நடிக்க வேண்டுமாம். ஆனாலும் ப்ராமிஸ் பண்ணினார்.

பண்ணிய ப்ராமிஸை முதல் நாளே இரண்டு தடவை மீறினார். மத்தியானம் மலையடி லாட்ஜின் சாப்பாட்டுக் கூடத்தில் அவள் ஸ்கீ கிளப் கும்பலோடு நீள மேஜையில் உட்கார்ந்திருந்தபோது, எவர்சில்வர் டப்பாவில் தயிர்சாதத்தைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தார். இங்கே எதில் என்ன மாமிசம் கலந்திருக்குமோ என்ற கவலை அவருக்கு. அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. அப்புறம் ஆட்களை மலைமேல் ஏற்றும் நாற்காலி லிஃப்ட் வரிசையில் அவள் நின்றபோது, "ஷ்யாமா, இன்னொரு க்ளவுஸ் போட்டுக்கோடி" என்று இந்தக் கோடியிலிருந்து கத்தினார். நடுநடுவே, வந்த இடத்தில் சும்மா நிற்பானேன் என்று தானும் ஸ்கீ மாட்டிக்கொண்டு குழந்தைகள் கிளாஸில் சேர்ந்து பதினொரு தடவை விழுந்தார். ஆறு வயதுப் பயல் ஒருவன் கை கொடுத்துத் தூக்கிவிட்டான்.

சாயங்காலம் ரூமில் அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"உனக்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தேன்?" என்றார் அவர். குரல் உயர்ந்துதான் போயிற்று.

"ஐ நோ. தட்ஸ் த ப்ராப்ளம்."

அந்த வார்த்தையை இரவெல்லாம் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தார். அந்தக் கடுப்போடுதான் இப்போது மூன்று பேண்ட்டோடு மலையடியில் வந்து நின்றார்.

பதினோரு மணிக்கு ஒலிபெருக்கி அலறியது. மேலே காற்று மோசமாகிவிட்டது, தோல் வெளியே தெரிந்தால் சில நிமிஷத்தில் உறைந்துவிடும், உச்சி லிஃப்டை நிறுத்துகிறோம், எல்லோரும் இறங்குங்கள். அரை மணி முன்புதான் ஷ்யாமளாவின் சிவப்பு ஜாக்கெட் உச்சிக்குப் போவதை அவர் பார்த்திருந்தார். ஆட்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். நீலம் வந்தது, பச்சை வந்தது, சிவப்பு வரவில்லை. இருபது நிமிஷம் நின்றார். கண் இமையில் பனி கட்டிவிட்டது. மலையின் பாதி உயரம் வரை போகும் லிஃப்ட் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ப்ராமிஸாவது மண்ணாவது என்று ஸ்கீயை மாட்டிக்கொண்டு அதில் உட்கார்ந்துவிட்டார்.

ஏறும்போது காற்று மூன்று பேண்ட்டையும் துளைத்தது. அது போகட்டும், லிஃப்டிலிருந்து எப்படி இறங்குவது என்று குழந்தைகள் கிளாஸில் இன்னும் சொல்லித் தரவில்லை. நாற்காலி அவரைக் கீழே தள்ளிவிட்டுப் போயிற்று. வலது முழங்கால் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

மீட்புக் குழுவிலிருந்து தாடிக்காரர் ஒருவர் வந்து அவரைக் கம்பளியில் சுற்றிச் சறுக்குவண்டியில் வைத்துக் கட்டினார். சிவப்பு ஜாக்கெட், பதினாலு வயது, இந்தியப் பெண் என்று வாஞ்சிநாதன் திரும்பத் திரும்பச் சொன்னார். மேலே ஒருவரும் இல்லை என்றார் தாடிக்காரர். ஸ்கீ கிளப் பிள்ளைகள் எல்லோரும் மறுபக்கத்துப் பாதையில் எப்போதோ இறங்கிவிட்டார்களாம்.

மறுபக்கத்துப் பாதை. அப்படி ஒன்று இருப்பதையே யாரும் அவரிடம் சொல்லவில்லை.

லாட்ஜ் வாசலில் வண்டி நின்றதும் கூட்டம் வெளியே வந்து சூழ்ந்துகொண்டது. லிசா தெரிந்தாள். அவளுக்குப் பக்கத்தில் சிவப்பு ஜாக்கெட், கையில் ஆவி பறக்கும் கோகோ. உயிரோடு இருக்கிறாள் என்ற நிம்மதியில் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த கணமே, இங்கே ஜம்மென்று நின்று கோகோ குடிக்கிறாளே என்று ஆத்திரமும் வந்தது. அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தார். நேற்றுத் தயிர்சாத டப்பாவுக்கு முன்னால் இருந்த அதே முகம், இன்னும் வெளுத்திருந்தது.

"கூட யார் வந்திருக்கிறார்கள்?" என்று தாடிக்காரர் கேட்டார். "கிளினிக்குக்கு ஒருவர் உடன் வர வேண்டும்."

வாஞ்சிநாதன் வேறு பக்கம் பார்த்தார்.

"நோபடி," என்றார். "ஐ கேம் அலோன்."

நாற்பத்தைந்து வயதுவரை ஓர் இடத்துக்குத் தனியாக வந்ததாக அவர் சொன்னதே இல்லை. சொல்லும்போது முழங்காலைவிட அதுதான் அதிகமாக வலித்தது.

கூட்டத்தை யாரோ வேகமாக விலக்கிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது.

"ஹீ இஸ் லையிங்," என்றாள் ஷ்யாமளா. குரல் முழுக்க எரிச்சல். "ஹீ இஸ் மை டாட்."

அத்தனை பேர் முன்னால் தன்னைப் பொய்யன் என்று சொல்லிவிட்டாளே என்று அவருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "ப்ராமிஸ் பண்ணச் சொன்னதே நீதானேடி?" என்றார் படுத்தபடியே. அவள் கோகோவை லிசா கையில் கொடுத்துவிட்டு, குனிந்து, ஏறிப்போயிருந்த குரங்குக் குல்லாயை அவர் காது மூடும்படி இழுத்துவிட்டாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கிளினிக்கில் அவளை உள்ளே விடவில்லை. கதவுக்கு வெளியே ஒரு மர பெஞ்சு இருந்தது. அதில் உட்கார்ந்தாள். முழங்காலைச் சுற்றிக் கட்டுப் போட்டுவிடும்போது வாஞ்சிநாதன் கதவு இடுக்கு வழியாகப் பார்த்தார். லிசா வந்து ஏதோ கூப்பிட்டாள். ஷ்யாமளா தலையாட்டி அனுப்பிவிட்டாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லைடி," என்று உள்ளேயிருந்து கத்தினார். "நீ உன் ஃப்ரெண்ட்ஸோட போயேன். இங்க சும்மா உக்காந்து என்ன பண்ணப் போறே?"

"நத்திங்," என்றாள் அவள். எழுந்திருக்கவில்லை.