பத்தாவது நாற்காலி

இந்தச் சாப்பாட்டுக் கடையை ஆரம்பித்த மிஸ் எல்டோரா உயிரோடு இருந்தபோது போட்ட சட்டம் இன்றுவரை மாறவில்லை. மேஜைக்குப் பத்து நாற்காலி. பத்தும் நிரம்பினால்தான் சமையலறையிலிருந்து பாத்திரங்கள் வெளியே வரும். நீங்கள் கவர்னராக இருந்தாலும் சரி, நேற்றுக் கல்யாணம் ஆன ஜோடியாக இருந்தாலும் சரி, முன்பின் தெரியாதவர்களோடு தோள் இடிக்க உட்கார வேண்டும். பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபம் சொல்ல வேண்டும். பிறகு எடுத்ததுபோக மீதியை இடதுபக்கம் நகர்த்த வேண்டும். குறுக்கே கை நீட்டினால் நான் அதட்டுவேன். முப்பத்தொரு வருஷமாக அதட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். டிவியில் எங்களைக் காட்டிய பிறகு டல்லாஸிலிருந்தும் சிகாகோவிலிருந்தும் ஜனங்கள் வந்து, அலபாமா வெயிலில் ஒரு மணிநேரம் வரிசையில் நின்று, என்னிடம் திட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அதற்கும் ஒரு ருசி இருக்கிறது போலும்.

இந்தச் சட்டத்தில் ஒரே ஒரு தொல்லை. ஒன்பது பேராக வருபவர்கள். அவர்களோடு ஒற்றை ஆளாகப் போய் உட்கார வரிசையில் நிற்கும் யாருக்கும் மனசு வராது. அந்த மாதிரி சமயத்தில் நான் தாழ்வாரத்து மணியை இரண்டு தடவை அடிப்பேன். தெருவுக்கு எதிர்ப்புறம், பழைய இரும்புக்கடையின் மாடியிலிருந்து ஹாலிஸ் டார்வர் இறங்கி வருவார். இஸ்திரி போட்ட சட்டையும் தண்ணீர் தொட்டு வாரிய தலையுமாக, ஏதோ அவரைத்தான் விருந்துக்கு அழைத்ததுபோல வருவார்.

அவர் மின்சாரக் கம்பெனியில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது மைல் தள்ளி இருந்த சொந்த வீட்டை விற்றுவிட்டு இந்த மாடி அறைக்குக் குடிவந்து பதினொரு வருஷம் ஆகியிருந்தது. தனியாக உட்கார்ந்தால் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை என்று முதல் வாரமே என்னிடம் சொன்னார். அப்படித்தான் அவர் எங்கள் பத்தாவது நாற்காலி ஆனார்.

அந்த வேலைக்கென்றே பிறந்தவர் போல இருப்பார். காரில் சண்டை போட்டுக்கொண்டு வந்த புருஷன் பெண்டாட்டி நடுவில் அவரை உட்கார வைத்தால், கடைசியில் பழக் காப்ளர் இனிப்பு வருவதற்குள் மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். கோழியின் கடைசித் துண்டை ஒருநாளும் எடுத்ததில்லை. குழந்தைகளுக்கு எலும்பை நீக்கிக் கொடுப்பார். எங்கள் சாப்பாட்டில் அவருக்குத் தொப்பை போட்டுவிட்டது என்று நான் கிண்டல் செய்தால், தொப்பை கடையின் சொத்து, ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்கிறேன் என்பார்.

மத்தியானம் கூட்டம் போன பிறகு, பின்கட்டில் என்னோடு உட்கார்ந்து பட்டர் பீன்ஸ் உரித்துத் தருவார். அவர் கதை எனக்குத் தெரிந்தது அங்கேதான், துண்டு துண்டாக. அவர் மனைவி ஒய்டாவுக்குப் புற்றுநோய். டாக்டர்கள் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து ஃபுளோரிடாக் கரையில் புயல் அடித்தது. அறுந்த மின்கம்பிகளைச் சரிசெய்யக் கம்பெனி அவரை அனுப்பிவிட்டது, திரும்பி வரச் சாலை இல்லை. பன்னிரண்டாம் நாள் மனைவி இறந்தாள். பக்கத்தில் இருந்தது பத்தொன்பது வயது மகள் லேனெட் மட்டும். அடக்கம் முடிந்த அன்று டெக்ஸாஸுக்குப் போன மகள் அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. இவர் போட்ட கடிதங்கள் பிரிக்காமலே திரும்பி வந்தன.

மூன்று பேருமாக இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் சர்ச் முடிந்ததும் இங்கேதான் சாப்பிட வருவார்களாம்; ஞாயிறு எனக்கு விடுமுறை, நான் பார்த்ததில்லை. எங்கள் வெண்ணெய்ச் சோளம் என்றால் லேனெட்டுக்கு உயிராம். எங்கே போனாலும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ஒருநாள் இங்கே சாப்பிட வந்துதான் தீரும் என்று ஒருதரம் சொன்னார். அவர் இந்த ஊருக்கு ஏன் வந்தார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மனுஷன் பசிக்காக வரவில்லை, மகளுக்காகக் காத்திருக்கிறார். வேலைக்குப் போன தகப்பனைத் தண்டிக்கிறாளே, இவளெல்லாம் ஒரு பெண்ணா என்று நான் அவளை மனசாரத் திட்டியிருக்கிறேன். பார்க்காத ஒருத்தியை அவ்வளவு வெறுத்தது என் ஆயுளில் அவளை மட்டும்தான்.

போன ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, டெக்ஸாஸ் நம்பர் போட்ட இரண்டு வண்டிகளில் ஒன்பது பேர் வந்து இறங்கினார்கள். ஒரு கிழவர், கிழவி, அவர்களுடைய இரண்டு மகன்கள், மருமகள்கள், மூன்று பேரப்பிள்ளைகள். டிவியில் பார்த்ததிலிருந்து இங்கே சாப்பிட்டே ஆகவேண்டும் என்று கிழவி அடம்பிடித்தாளாம். மருமகள்களில் ஒருத்தி கை கழுவப் போயிருந்தாள். நான் மற்றவர்களை உட்கார வைத்துவிட்டு மணியை அடித்தேன். ஹாலிஸ் வந்தார். ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு மறுபக்கம் ஒரு நாற்காலி மிச்சம் இருந்தது.

கை கழுவப் போனவள் திரும்பி வந்தாள். ஹாலிஸ் வழக்கம்போல எழுந்து நாற்காலியை இழுத்துக் கொடுக்கப் போனார். கை நாற்காலியின் முதுகில் அப்படியே நின்றுவிட்டது. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தேன். இவள்தான் லேனெட் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த இடத்தில் ஏசி காற்று நேராக அடிக்கிறது என்று அவள் புருஷனிடம் மெதுவாகச் சொன்னாள். அவன் பெருந்தன்மையாக எழுந்து இடம் மாறிக்கொண்டான். மேஜையின் அந்தக் கோடியில் போய் அவள் உட்கார்ந்தாள். கிழவர் ஜெபம் சொன்னார். எல்லோரும் கை கோத்தார்கள். மருமகன் ஒரு கையையும் பேத்தி ஒரு கையையும் பிடித்திருக்க, நடுவில் அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் யார் என்று அவர்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. தேநீர் ஜாடியை வைத்துக்கொண்டு நான் நின்ற இடத்திலேயே நின்றேன். வாயைத் திறக்க நினைத்தேன். அவர் லேசாகத் தலையசைத்து வேண்டாம் என்றார்.

பாத்திரங்கள் சுற்றி வந்தன. கோழி, கீரை, வெண்டைக்காய், வெண்ணெய்ச் சோளம், சோள ரொட்டி. அவர் வாங்கி வாங்கிச் சிறுமிக்குக் கொடுத்தார். அவருடைய தட்டில் ஒன்றும் விழவில்லை.

குழந்தைக்கு வாய் சும்மா இருக்குமா? நீங்கள் ஏன் சாப்பிடவில்லை என்று ஆரம்பித்தாள். பசி இல்லை என்றார். அவள் பேரைக் கேட்டார்.

"ஒய்டா. எங்க அம்மாவோட அம்மா, எங்க பாட்டி பேரு. யாரும் இந்தப் பேரு வைக்கிறதில்ல இப்ப. ஸ்கூல்ல என்னைய மட்டும்தான் இப்படிக் கூப்பிடுவாங்க."

"ரொம்ப நல்ல பேரும்மா," என்றார்.

"பாட்டி செத்துட்டாங்க. தாத்தாவும் செத்துட்டாரு. அவரு லைன்மேன். பெரிய புயல் அடிச்சப்போ எல்லாருக்கும் கரண்ட் குடுக்கப் போனாரு, அப்புறம் திரும்பி வரவே இல்ல. அம்மா சொன்னாங்க."

மேஜையின் அந்தக் கோடியில் ஒரு முட்கரண்டி தட்டில் விழுந்தது. லேனெட் இந்தப் பக்கமே பார்க்கவில்லை. ஆனால் அவள் காது இங்கேதான் இருந்தது.

"நானும் லைன்மேனா இருந்தவன்தான்," என்றார் ஹாலிஸ்.

"அப்ப எங்க தாத்தாவ உங்களுக்குத் தெரியுமா?"

அவர் சோள ரொட்டியைப் பிட்டு அவள் தட்டில் வைத்தார்.

"பாத்திருக்கேன். கம்பத்துல ஏறப் பயப்பட மாட்டாரு. ஆனா வீட்ல உங்க பாட்டி படுத்திருந்தாங்க பாரு, அதைப் பாக்க அவருக்குப் பயம். அந்தப் புயலுக்கு அவரை யாரும் அனுப்பல கண்ணு. அவராக் கேட்டு வாங்கிட்டுப் போனாரு."

என் கையிலிருந்த ஜாடி ஒரு பக்கமாகச் சாய்ந்து தேநீர் மேஜையில் கொட்டியது. பதினொரு வருஷம் என்னோடு உட்கார்ந்து பீன்ஸ் உரித்த மனுஷன். கம்பெனி அனுப்பியது, சாலை இல்லை என்று என் கண்ணைப் பார்த்தே சொன்ன மனுஷன். அந்தக் கதையை நம்பி, தாய் சாவைத் தனியாகப் பார்த்த ஒரு பெண்ணை நான் இத்தனை வருஷம் கரித்துக்கொட்டியிருக்கிறேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் இடுப்பில் சொருகியிருந்த துணியாலேயே அவரை நாலு சாத்து சாத்தியிருப்பேன். அதற்குப் பதில் மேஜையைத் துடைத்தேன்.

சிறுமி யோசித்தாள். "பயந்தாலும் கரண்ட் குடுத்தாருல்ல?" என்றாள்.

"ஆமா. குடுத்தாரு."

"ஒய்டா, சாப்பாட்டப் பாரு," என்று லேனெட் இங்கே திரும்பாமல் சொன்னாள். "ஐயாவத் தொந்தரவு பண்ணாத."

எங்கள் கடையில் அவரவர் தட்டை அவரவர்தான் சமையலறை ஜன்னலுக்குக் கொண்டுவந்து வைக்க வேண்டும். மற்றவர்கள் வைத்துவிட்டுக் குழந்தைகளோடு, வாசலில் நாங்கள் விற்பனைக்கு வைத்திருக்கும் ஜாம் பாட்டில் பார்க்கப் போனார்கள். லேனெட் கடைசியாக வந்தாள். ஹாலிஸ் தன் சுத்தமான தட்டோடு அங்கே நின்றிருந்தார். நான் உள்ளே பாத்திரத் தொட்டியில் கை விட்டபடி நின்றேன். நகர்ந்து போயிருக்கலாம். போகவில்லை.

"அம்மா பன்னெண்டு நாள் கெடந்தாங்க," என்றாள். குரல் உயரவில்லை. "ஒவ்வொரு தடவ கதவு திறக்கிறப்பவும் திரும்பித் திரும்பிப் பாத்தாங்க."

"தெரியும்மா."

"உங்களுக்குத் தெரியாது. நீங்க அங்க இல்ல."

அவர் தன் தட்டை ஜன்னலில் வைத்தார். அவள் மேலே சொன்னாள்.

"கம்பெனிக்கு தெனமும் ஃபோன் பண்ணேன். மூணாவது நாளே அவங்க சொல்லிட்டாங்க, இப்பவே வீட்டுக்குக் கிளம்புன்னு உங்ககிட்ட சொல்லியாச்சுன்னு. அம்மாகிட்ட நான் அதைச் சொல்லல. ரோடு இல்லைன்னு சொன்னேன்."

தாயிடம் அவளும் அதே பொய்யைத்தான் சொல்லியிருக்கிறாள். அவளுடைய பொய்க்கு ஒரு நியாயம் இருந்தது.

"பிள்ளைங்ககிட்ட நீங்க போயிட்டதா சொல்லியிருக்கேன்."

"கேட்டேன்."

"அது அப்படியே இருக்கட்டும்."

"இருக்கட்டும்மா."

அவள் தட்டை வைத்தாள். சோளம் முழுவதையும் வழித்துச் சாப்பிட்டிருந்தாள். ஏதாவது சொல்லுவாள் என்று அவர் நின்றார். அவள் உதடு ஒரு தடவை கோணியது, அவ்வளவுதான். முகத்தைத் துடைத்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டாள்.

வண்டியில் ஏறுவதற்கு முன்னால் சிறுமி தாழ்வாரத்தைப் பார்த்துக் கையாட்டினாள். இவரும் ஆட்டினார். இரண்டு வண்டிகளும் நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பி மறையும் வரை அங்கேயே நின்றார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் எதற்காக இந்த மனுஷன் சட்டைக்கு இஸ்திரி போட்டாரோ அது வந்து கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. ஈரக் கையோடு வெளியே ஓடி அவரைப் பிடித்துக் கத்தினேன்.

"நான்தான்டி உன் தாத்தான்னு ஒரு வார்த்த சொல்லித் தொலச்சா என்ன? அந்தப் புள்ள கழுத்தக் கட்டிக்கிட்டிருக்கும். வாயில என்ன வச்சிருந்தீங்க?"

அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"புயல்ல கரண்ட் குடுக்கப் போயி செத்த நல்ல தாத்தா ஒருத்தரு அதுக்கு இருக்காரு, மிஸ் வெர்னெல்," என்றார். "நான் எதுக்குப் போயி அவரைச் சாகடிக்கணும்?"