நாற்பத்தொரு ஓட்டைகளும் ஒரு கிழிசலும்

டிரைகிளீனிங் கடையின் பின்னறையில், இஸ்திரி மேஜைக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு நாற்காலி. இருபத்திரண்டு வருடமாக அதில் உட்கார்ந்திருப்பவரைக் கடைக்காரர் முதல் துணி கொண்டுவருகிறவர்கள் வரை எல்லோரும் டார்னிங் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். சிகரெட் சுட்ட கோட்டு, ஆணியில் மாட்டிய பேன்ட், பூச்சி அரித்த ஸ்வெட்டர் எல்லாம் அவர் மடிக்குத்தான் வரும். துணியின் உள்மடிப்பிலிருந்தே நூலைப் பிரித்தெடுப்பார். ஓட்டையின் நெடுக்கே ஒரு வரிசை, குறுக்கே ஒரு வரிசை, ஒன்று மேலே ஒன்று கீழே என்று ஊசியாலேயே நெய்து மூடுவார். கொஞ்சம் தண்ணீர் தெளித்து ஒரு இஸ்திரி. அதன்பிறகு ஓட்டை இருந்த இடம் அவருடைய விரலுக்கு மட்டும்தான் தெரியும்.

இதில் ஒரு சங்கடம். வேலை நன்றாக அமைந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. கோட்டுக்காரர் வந்து திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "ஓட்டையே இல்லையே, இதுக்கா நாலு நாள்?" என்பார். அக்காவின் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். தினமும் பாதி ஊரை ஏற்றி இறக்கிவிட்டு வருகிறவர். "நாள் முழுக்க உக்காந்து என்னதான் பண்ணுவ?" என்று வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்டுவிடுவார். குத்தலாகக் கேட்பதில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்பார். அதுதான் அக்காவுக்கு இன்னும் எரிச்சல்.

நாத்தனார் வேறு ரகம். கேக் அலங்காரம் அவள் தொழில். மூன்றடுக்குக் கேக்கின் தலையில் சர்க்கரையால் அன்னப்பறவையை உட்கார வைப்பாள். உடனே போட்டோ எடுத்து, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் அனுப்புவாள். "நீங்களும் உங்க வேலையை ஒரு போட்டோ அனுப்புங்களேன் அண்ணி" என்று ஒருநாள் கேட்டாள். அக்காவும் மெனக்கெட்டு ஒரு கோட்டின் கையைப் படம் பிடித்து அனுப்பினார். "இதுல எங்க?" என்று பதில் வந்தது. அன்றைக்கு அக்கா செல்போனைக் கவிழ்த்துவைத்துவிட்டு அழுதார். இதோ, இது நான் செய்தது என்று வாழ்க்கையில் ஒரே ஒரு தரம் விரல் நீட்டிக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது. பேராசை என்று நீங்கள் சொல்வீர்களா?

இப்படியிருக்கும்போது கலைக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய கிடங்கு. வெள்ளையடித்து, விளக்கு போட்டு, வாசலில் பேசாத ஒரு பெண்ணை உட்காரவைத்தால் அது கலைக்கூடம் ஆகிவிடுகிறது. உள்ளே, சலூனில் கூட்டியள்ளிய முடியை அமுக்கிச் செய்த ஒரு சோபா. உட்காரக்கூடாது. நாற்பது நண்பர்களின் பெருமூச்சை அடைத்து மூடிய நாற்பது பாட்டில்கள். திறக்கக்கூடாது. பழைய பல் பிரஷ்களால் ஒரு யானை. யானை நிஜமாகவே நன்றாக இருந்தது, பொய் சொல்லக்கூடாது. அக்காவே அதன் முன்னால் சற்று நேரம் நின்றார்.

நடுக்கூடத்தில் இரண்டு கட்டில் அகலத்துக்கு ஒரு பழுப்புக் கம்பளி தொங்கியது. அதைச் செய்த கலைஞர், அல்லது செய்யவிட்ட கலைஞர், மூன்று வருடம் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டுப் பூச்சிகளுக்குத் தின்னக் கொடுத்திருந்தார். பூச்சிகள் நாற்பத்தொரு ஓட்டைகள் போட்டிருந்தன. ஒவ்வொரு ஓட்டையும் ஒரு தத்துவம். ஆனால் அதைச் சொல்லும் அட்டை இன்னும் அச்சாகி வரவில்லை. கம்பளியை மாட்டும்போது ஏணியின் கொக்கி பட்டு, கீழே வலது மூலையில் ஒரு சாண் கிழிந்துவிட்டது. அதற்குத்தான் அக்கா.

"அஞ்சு நாள்ல திறப்பு விழா. இந்தக் கிழிசல் கலைஞருக்குத் தெரியவே கூடாது" என்றார் மேலாளரம்மா. அவர் கையில் இருந்த இரண்டு போனும் அடித்தன. இரண்டையும் காதில் வைத்துக்கொண்டு வெளியூருக்குக் கிளம்பிவிட்டார்.

அக்கா கம்பளியைப் பார்த்தார். பாவம், அந்த மனுஷனுக்கு ஒரு நல்லது கெட்டது பார்க்க ஆள் இல்லை போலிருக்கிறது. பூச்சி இந்த அரி அரித்திருக்கிறதே. இதை ஊரைக் கூட்டிக் காட்டப்போகிறார்களாமே. மூலையை மட்டும் சரிசெய்துவிட்டு மீதியை அப்படியே விட்டு எழுந்துபோக அவர் கைக்குத் தெரியாது. சமைக்கிறவர் பாதி வெந்ததை இறக்கிவைப்பாரா? கடையில் லீவு சொன்னார். மேலே இடது ஓரத்தில் தொடங்கினார்.

நாலு நாள் ஏணிமேல்தான் குடித்தனம். காவல்காரர் ஒன்றும் கேட்கவில்லை. பிரஷ் யானைக்காரரிடம் "குப்பையை ஏன் உள்ள கொண்டுவர்றீங்க?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர். அதற்குப் பிறகு, இந்தக் கட்டடத்துக்குள் யார் என்ன செய்தாலும் வாயைத் திறப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தார்.

வீட்டில் அக்காவின் நடையே மாறியிருந்தது. "வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு வாங்க. நான் பண்ணுனது ஒண்ணு காட்டுறேன்" என்று வீட்டுக்காரரிடம் சொன்னார். "உங்க தங்கச்சியையும் கூட்டிட்டு வாங்க."

வெள்ளிக்கிழமை நாலு மணி. நாற்பத்தொன்றும் மூடியாயிற்று. கேட்ட வேலை மட்டும்தான் பாக்கி. மூலைக் கிழிசலுக்காக அக்கா ஊசியில் நூல் கோத்தபோது கலைஞர் உள்ளே வந்தார். பின்னாலேயே மேலாளரம்மா.

கலைஞர் கம்பளியை ஒரு சுற்று சுற்றினார். இன்னொரு சுற்று சுற்றினார். "என் ஓட்டைங்க எங்க?"

அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "எல்லாம் அடைச்சாச்சு தம்பி. நாப்பத்தொண்ணு. ஒண்ணைக் கண்டுபிடிங்க பாப்போம்."

கலைஞர் போய் முடி சோபாவில் உட்கார்ந்தார். அதில் உட்கார்ந்த முதல் ஆள் அவர்தான்.

வேண்டுமென்றேதான் தின்னவிட்டார், அந்த ஓட்டைகள்தான் கலை என்று மேலாளரம்மா சொன்ன பிறகுதான் அக்காவுக்கு விஷயம் புரிந்தது. பூச்சிக்கு யாராவது விருந்து வைப்பார்களா? "பிரிங்க, உடனே பிரிங்க" என்று மேலாளரம்மா குதித்தார். பிரித்துவிடலாம்தான், ஒவ்வொரு இடமும் விரலுக்குத் தெரியும். ஆனால் நாலு நாள் உழைப்பு. அக்காவுக்கு மனம் வரவில்லை. "எது எங்க இருக்குன்னு காட்டுங்கம்மா, பிரிச்சுத் தர்றேன்" என்றார்.

பூதக்கண்ணாடி வந்தது. டார்ச் வந்தது. இரண்டு பேரும் மூக்கு உரசக் கம்பளியை ஒரு மணி நேரம் துழாவினார்கள். அக்கா தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பயம் ஒரு பக்கம் இருந்தாலும் உள்ளுக்குள் இனித்தது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் வேலையை யாரும் இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை.

மேலாளரம்மா கத்தரிக்கோலை எடுத்தார். "வெட்டுனா அது வேற. பூச்சி கடிச்சது வேற" என்று கலைஞர் தடுத்தார். அப்போதுதான் அவர் கண் வலது மூலைக்குப் போனது. "இது என்ன?"

ஏணியைப் பற்றி மேலாளரம்மா மூச்சு விடவில்லை. "அது ஒண்ணு மட்டும் தப்பிச்சிருச்சு சார்."

கலைஞர் நிமிர்ந்து நின்றார். முகத்தில் களை திரும்பியது. பேனா வாங்கி, புது அட்டையில் 'கடைசிக் காயம்' என்று எழுதினார். ஊசியோடு நெருங்கிய அக்காவிடம், "அதைத் தொட்டீங்கன்னா போலீஸைக் கூப்பிடுவேன்" என்றார்.

ஆறு மணிக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது. கம்பளியைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். மூலையில் மட்டும் ஒரு விளக்கு விழுந்தது. "மூணு வருஷம் பூச்சிங்களோட வாழ்ந்தேன்" என்று கலைஞர் பேசிக்கொண்டிருந்தார். "அப்புறம் ஒவ்வொரு காயமா ஆத்தினேன். இந்த ஒண்ணை மட்டும் ஆத்த மனசு வரல." பக்கத்தில் ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏணியின் கொக்கிக்கு இவ்வளவு மரியாதை எந்த ஊரிலும் கிடைத்திருக்காது.

வீட்டுக்காரரும் நாத்தனாரும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்கள். "இதுவா?" என்றார் வீட்டுக்காரர். அக்கா தலையாட்டினார்.

நாத்தனார் கம்பளியை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தாள். விளக்கு விழுந்த இடத்தில் அவள் கண் நின்றது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என்ன அண்ணி, ஊரே பாக்குற இடத்துல இப்படிக் கிழிசலை விட்டுட்டு வந்திருக்கீங்க?" என்றாள்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. மூடிய நாற்பத்தொன்றும் யார் கண்ணிலும் படவில்லை. மூடாத ஒன்று மட்டும் விளக்கு போட்டுத் தெரிகிறது. போலீஸ் வந்தால் வரட்டும். கைப்பையிலிருந்து ஊசி டப்பாவை எடுத்தார், கயிற்றைத் தாண்டினார், கம்பளியின் மூலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

காவல்காரர் அசையவில்லை, அவர் பட்டது போதும். கலைஞர் பாய்ந்து வந்தவர் சட்டென்று நின்றார். நூறு செல்போன்கள் உயர்ந்திருந்தன. அவர் கெட்டிக்காரர். கைகளைக் கட்டிக்கொண்டு, எல்லாம் தன் ஏற்பாடுதான் என்பதுபோலத் தலைகுனிந்து நின்றுவிட்டார்.

நெடுக்கே ஒரு வரிசை. குறுக்கே ஒரு வரிசை. ஊசி மேலே போய்க் கீழே வந்தது. அரை மணி நேரம் யாரும் இருமக்கூட இல்லை. வீட்டுக்காரர் முன்வரிசையில் குந்தி உட்கார்ந்து, வாயைப் பிளந்து அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வாரத்துக்கு ஒருமுறை கேட்ட கேள்விக்கு அவருக்கு இன்றைக்குத்தான் பதில் கிடைத்தது. அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை, ஆனால் தெரிந்தது. சந்தோஷத்தில் கண்ணீர் கண்ணை மறைத்தது. கடைசி நாலு இழையைத் தடவித்தான் போட்டார்.

நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு எழுந்தார். கைதட்டல் கட்டடத்தைத் தூக்கியது. கலைஞர் குனிந்து வணங்கினார். கம்பளியில் பார்க்க இனி ஒன்றுமில்லை என்பதால் கூட்டம் மெதுவாக யானைப் பக்கம் நகர்ந்தது.

நாத்தனார் மட்டும் நகரவில்லை. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மூலையையே தேடிக்கொண்டிருந்தாள். போனைக் கிட்டே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள். மூலையைத் திருப்பியும் பார்த்தாள்.

"இங்கதானே இருந்துச்சு? எங்க அண்ணி?"

"எது?" என்றார் டார்னிங் அக்கா.