வெள்ளிக்கிழமைப் பீப்பா

வீட்டில் பியர் போடுகிறவன் எவனும், ருசி பிழைத்தால் முதலில் தண்ணீரைத்தான் திட்டுவான். அருந்தவனும் சிட்னித் தண்ணீரை வாய் நிறையத் திட்டினான். பிறகு மால்ட்டை மாற்றினான், ஈஸ்ட்டை மாற்றினான், போத்தல்களைக் கை தேயத் தேயக் கழுவினான். ஒன்றும் சரிவரவில்லை. ஒவ்வொரு தடவையும் வாயில் வைத்ததும் அதே பட்டர் மணம், சினிமாத் தியேட்டர் சோளப்பொரி மாதிரி.

அவன் பெரிய குடிகாரன் ஒன்றுமில்லை. ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். ஒரு போத்தலோடு கண் சொக்கிவிடும். இந்தப் பாடெல்லாம் கஜீவனுக்காக.

வில்லாவுட் அகதித் தடுப்பு முகாமிலிருந்து வெளியே விட்ட பிறகு அவர்கள் இருவரும் பென்டில் ஹில்லில் ஒரே அறையில் இருந்தார்கள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வீடு மாறும்போது தூக்கிக் கொடுத்த பிளாஸ்டிக் பீப்பாவில், ஒரு குளிர்காலம் பியர் போட்டுப் பார்த்தார்கள். எப்படித்தான் வாய்த்ததோ, அப்படி ஒரு சுத்தமான ருசி. பிறகு கஜீவன் கல்யாணம் கட்டி மெல்பேர்னுக்குப் போனான். அங்கே த பேசின் என்ற ஊர்ப் பக்கம் வீடும் வாங்கிவிட்டான். அருந்தவன் வீட்டுக்கும் வைதேகி வந்தாள். இரண்டு சிநேகிதர்களும் முகம் பார்த்து வருசக்கணக்காகிவிட்டது.

"அந்த பியர் மாதிரி ஒருக்காப் போட்டால் வருவியோ?" என்று அருந்தவன் ஒருநாள் போனில் கேட்டான்.

"போடு, அடுத்த பிளேனிலை வந்து நிப்பன்."

அவன் பகிடிக்குச் சொன்னதை இந்த அப்பாவி சத்தியவாக்காக எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து போன் எடுத்தால் பட்டர் கதைதான். மனதில் இருப்பதைச் சொல்லத் தெரியாத மனுசன் பட்டரைப் பற்றி மணிக்கணக்காகப் பேசினான்.

இந்தக் குளிர்காலத்தில் ஒரு வெள்ளி மாலையும் அப்படித்தான். பேச்சுக்கு நடுவே வெளியில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"பொறு மச்சான், தேவாரம் பாடச் சனம் வருகுது. பீப்பாவைக் கராஜுக்கை வைச்சிட்டு வாறன்."

"ஏன் கராஜுக்கை?"

"சாமியறைக்குப் பக்கத்து அறையிலையெல்லோ கிடக்குது. ஹீற்றர் அங்கதான் இருக்கு. அன்ரியாக்கள் கோட்டு கழட்டி வைக்கிறதும் அங்கதான். கண்டால் என்ன நினைப்பினம்?"

"ஒவ்வொரு வெள்ளியும் தூக்கிறியோ?"

"ஓம். சனி காலமை திருப்பிக் கொண்டந்து வைச்சிடுவன்."

கஜீவன் விழுந்து விழுந்து சிரித்தான். "விசரா! பட்டர் மணத்தை விடுறதும் ஈஸ்ட்தான், பேந்து அதைத் தின்னுறதும் ஈஸ்ட்தான். சூட்டிலை கிடந்தால்தான் தின்னும். அது தின்ன வெளிக்கிடேக்கை நீ குளிருக்கை கொண்டுபோய்ப் படுக்க வைக்கிறாய்."

"அப்ப பென்டில் ஹில்லிலை எப்பிடிச் சரிவந்தது?"

"அங்க ஆருக்குப் பயந்து தூக்கினது? எங்களிட்டை ஆர் வந்தவை?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான், பாதியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது.

உண்மைதான். ஒருவரும் கதவைத் தட்டாத அறை அது. விசா என்னாகும் என்று தெரியாமல் இரண்டு பேர் ஒரு ஹீற்றருக்கு முன்னால் குந்தியிருந்த காலம். அதை நல்ல காலம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனாலும் அருந்தவனுக்கு அது வேண்டும்போல இருந்தது. அது வராவிட்டால் போகட்டும், அந்த அறையில் இருந்த மற்றவனாவது வேண்டும்.

அன்றைக்குப் பீப்பாவைத் தூக்கவில்லை.

"அன்ரி கேட்டால் என்ன சொல்லுறது?" வைதேகி கண்ணை உருட்டினாள்.

"பியர் எண்டு சொல்லு."

முதலில் உள்ளே வந்தவர் சிவனேஸ்வரி அன்ரி. மேய்ஸ் ஹில் கோயிலில் வரிசை பிசகினாலே அதட்டுகிறவர். பீப்பாவுக்கு முன்னால் நின்று, மூடியில் குமிழி வருவதைப் பார்த்தார்.

"பியரோ?"

"ஓம் அன்ரி."

"இந்தக் குளிருக்குப் போர்த்து வைக்கிறேல்லையோ?" என்றவர், தன் தடித்த கோட்டைக் கழற்றி அதன்மேல் போட்டுவிட்டுப் பாடப் போய்விட்டார்.

பீப்பா அசையாமல் கிடந்தது. போத்தலில் அடைத்த பிறகும் அருந்தவன் அவசரப்படவில்லை. முன்பெல்லாம் சில நாளிலேயே ஒன்றை உடைத்துப் பார்க்கிறவன், இந்தமுறை குளிர் விடும்வரை பொறுத்தான். பிறகு ஒன்றைத் திறந்தான். பட்டர் இல்லை. அதே பியர்.

சந்தோசப்பட வேண்டியவன் கலங்கிப்போய்க் கதிரையில் இருந்துவிட்டான். இனி என்ன சாட்டுச் சொல்லிக் கஜீவனைப் போனில் கூப்பிடுவது?

கூப்பிட்டான்.

"என்னடா, இன்னும் பட்டரோ?"

ஓம் என்று சொன்னால் இன்னொரு குளிர்காலத்துக்குக் கதை இருக்கும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இல்லை, பியர் சரிவந்திட்டுது," என்றான். "உன்னைத்தான் தேடுது மச்சான்."

அந்தப் பக்கம் கஜீவன் பிள்ளைகளிடம் டிவியைக் குறைக்கச் சொல்வது கேட்டது.

"ஃபிரிஜ்ஜுக்கை வைச்சிடாதை," என்றான். "நான் வந்து வைக்கிறன்."