உள்ளி இறாலுக்குப் பக்கத்தில் பீற்றூட்

இறாலைப் பற்றி எங்கள் வீட்டில் சண்டையே இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய அக்காவும் அத்தானும் சாப்பிட வருகிறார்கள், என் மனுசன் கடலால் வரும்போது நல்ல இறாலாகப் பார்த்துக் கொண்டுவருவார், நான் உள்ளிப்பூண்டைத் தோலோடு தட்டிப் போட்டுச் செத்தல் மிளகாயோடு எண்ணெயில் பிரட்டி, இறக்கும்போது தேசிக்காய் பிழிவேன். அம்மாவின் முறை அது. அதில் ஒருவரும் குறை சொல்ல முடியாது. சண்டை முழுக்க அதற்குப் பக்கத்தில் என்ன கறி வைப்பது என்பதில்தான்.

ஒரு சொதி, ஒரு வறை, இதற்கு என்ன ஆலோசனை என்று நினைப்பவர்களுக்கு எங்கள் நிலைமை தெரியாது. நாட்டுச் சண்டை முடிந்து, இந்தியாவில் முகாமில் கிடந்த நாங்கள் மன்னாருக்குத் திரும்பி வந்த காலம் அது. ஓலைத்தொடுவாயில் மாதா கோயில் காணி ஓரமாகத் தகரக் கொட்டில் ஒன்று போட்டு இருந்தோம். பகலில் தகரம் சுடும், காற்றடித்தால் கத்தும். வீட்டுத்திட்டத்தில் கல்வீடு கிடைக்கும், ஆனால் கட்டுவதற்குக் காணி காட்ட வேண்டும் என்று எங்கள் கிராம அதிகாரி விதானையார் சொல்லிவிட்டார். எங்களிடம் காணி இல்லை. இல்லை என்றும் சொல்ல முடியாது. இருந்தது. அதில் அக்கா இருந்தாள்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைகளுக்குத்தான் போகும். தாய் இருந்த வீடு கடைசிப் பெண்ணுக்கு. கடைசிப் பெண் நான். அக்காவுக்கு அத்தானின் ஊரான அரிப்பில் ஒரு வீடு வாங்கிக் கொடுத்துவிட்டு, இந்த வீடு சின்னவளுக்கு என்று அம்மா எல்லோருக்கும் கேட்கச் சொல்லியிருந்தா. நான் கலியாணம் முடித்த கையோடு சண்டை இறுகியது. வள்ளம் ஏறி ராமேஸ்வரம் போய்விட்டோம். அரிப்பு வீடு ஷெல்லுக்குப் போனது. அக்கா அம்மாவிடம் வந்தாள், கடைசிவரை அம்மாவைப் பார்த்தாள், அடக்கம் செய்தாள், பிறகு அங்கேயே இருந்துவிட்டாள். இதில் யாரைக் குறை சொல்வது? நான் வீட்டைக் கேட்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் போதும். அதற்கு அக்கா வாயால் ‘ஓம்’ வர வேண்டும். அதற்குத்தான் இந்தச் சாப்பாடு.

நாங்கள் வந்திறங்கிய நாளிலிருந்து அக்கா என்னோடு மரியாதையாகப் பேசினாள். அதுதான் எனக்குப் பயம். சின்ன வயதில் என் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரிந்தவள், இப்போது கோயில் வாசலில் கண்டால், “சுகமா இருக்கிறீங்களோ? பிள்ளை சுகமோ?” என்று கேட்டுவிட்டு விலகிப் போனாள். கூடப் பிறந்தவளை ‘நீங்கள்’ என்கிறவள் காணி தருவாளா என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆகவே கறி முக்கியம். முதலில் முருங்கைக்காய் என்றார் என் மனுசன். இறாலுக்கு முருங்கைக்காய் எவ்வளவு தோது என்று எனக்கு இவர் சொல்லித் தர வேண்டுமா? ஆனால் முருங்கை மரம் நிற்பது அம்மாவின் வீட்டு வளவில். சந்தையில் காசு கொடுத்து வாங்கினால், ‘தாய் வீட்டில் காய்த்துத் தொங்க என்னைக் காசுக்கு வாங்க வைத்துவிட்டாய்’ என்று அக்காவின் முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. அக்காவிடம் கேட்டுப் பிடுங்கினால், மரத்தில் எனக்கும் பங்கு என்று சொன்ன மாதிரி.

“அப்ப இலையை வறுப்பம்,” என்றார்.

“இலை என்ன வேறை மரத்திலையோ தழைக்குது?” என்றேன்.

அதோடு முருங்கை போனது. முருங்கையோடு தேங்காயும் போனது, தென்னையும் அதே வளவில்தான் நிற்கிறது. தேங்காய் போனால் சொதி இல்லை, சம்பல் இல்லை, பால்கறி இல்லை. தேங்காய் படாத சமையலை எங்கள் ஊரில் காய்ச்சல் வருத்தக்காரருக்குத்தான் கொடுப்பார்கள். பருப்பை வெறுமனே தாளிப்போம் என்று நான் வாயெடுக்கவே மனுசன் எழும்பிவிட்டார். முகாமில் தின்ற பருப்பு அவருக்கு ஏழு தலைமுறைக்குக் காணும். “பருப்பு வைச்சியெண்டால் நான் அண்டைக்குக் கடலுக்குப் போயிடுவன், நீ தனிய இருந்து காணியைக் கேள்,” என்றார். சொன்னால் செய்கிற மனிதன் என்பதால் அதையும் விட்டேன்.

எங்கள் மகள் முகாமில் பிறந்து அங்கேயே கல்லூரி வரை படித்தவள். அவளுக்கு இந்தச் சண்டை விளங்கவில்லை.

“எதுக்கும்மா இவ்ளோ டென்ஷன்? ஒரு சாம்பார், ஒரு ரசம் வெச்சு அப்பளம் பொரிச்சிட்டா முடிஞ்சுச்சு.”

“சாம்பார் வைச்சால் பெரியம்மா என்ன நினைப்பா? இவையள் இந்தியாக்காரரா வந்திருக்கினம், எப்பிடியும் திரும்பிப் போயிடுவினம், இவைக்கு ஏன் காணி எண்டு நினைப்பா.”

“ஒரு சாம்பாருக்குள்ள இவ்ளோ இருக்கா?” என்றாள். இருக்கிறது. கத்தரிக்காய்க்குள் அதைவிடக் கூட இருக்கிறது. கத்தரிக்காய்ப் பிரட்டல் அக்காவின் கைப்பக்குவம். நான் அவளைவிட நன்றாகச் சமைத்தால் அவளுக்கு மனம் நோகும். மோசமாகச் சமைத்தால், அம்மாவிடம் இருந்து ஒன்றும் பழகாதவளுக்கு அம்மாவின் காணி எதற்கு என்று நினைப்பாள். வேண்டுமென்றே அளவாக, அவளுக்குக் கொஞ்சம் கீழே வருகிற மாதிரிச் சமைக்க நான் என்ன தராசா?

பீற்றூட்டைக் கண்டுபிடித்தது மனுசன்தான். வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தவர் திடீரென்று நிமிர்ந்து, “பீற்றூட்,” என்றார். நான் யோசித்துப் பார்த்தேன். பீற்றூட் அம்மாவின் வளவில் முளைக்காது. அம்மா அதை ஒரு நாளும் சமைத்ததில்லை. முகாமில் தந்ததில்லை. எங்கள் பரம்பரையில் பீற்றூட்டை முன்னிட்டு ஒருவரும் முகம் முறித்ததில்லை. மலைநாட்டில் விளைந்து லொறியில் மன்னாருக்கு வருகிறது, இங்கே யார் யாருடைய வீட்டில் இருக்கிறார்கள் என்று அதற்கு ஒன்றும் தெரியாது. எனக்குப் பீற்றூட் பிடிக்காது. மகளுக்கும் பிடிக்காது. மனுசன் வாழ்நாளில் அதை வாயில் வைத்ததே இல்லை. இருந்தாலும் எல்லோருக்கும் சம்மதம். மேசை வெறுமையாகத் தெரியக்கூடாது என்று ஒன்றைப் பிரட்டலாகவும் மற்றதை வெங்காயம், தேசிக்காய் போட்டுச் சம்பலாகவும் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். அத்தான் பூசைக்குப் போட்ட வெள்ளைச் சேட்டோடு ஒரு சட்டியைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு வந்தார். அக்காவின் கையில் இன்னொரு சட்டி.

“வெறுங்கையோடை வரக்கூடாதெண்டு ரெண்டு கறி வைச்சனான்,” என்றாள் அக்கா. “பெரிசா ஒண்டுமில்லை.”

மூடியைத் திறந்தேன். பீற்றூட். மற்றதைத் திறந்தேன். அதுவும் பீற்றூட், கொஞ்சம் பொடியாக அரிந்தது. அக்கா என்னுடைய மேசையைப் பார்த்தாள். நான் அக்காவின் சட்டியைப் பார்த்தேன். நடுவில் இறால், சுற்றிவர நாலு பீற்றூட். மகள் தண்ணீர் எடுக்கிற சாட்டில் வெளியே போனாள், அவள் சிரிக்கிற சத்தம் தகரத்துக்கூடாகத் தெளிவாகக் கேட்டது.

இரவல் வாங்கிய பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தோம். சின்னக் குருசு போட்டுச் செபம் சொன்னோம். பிறகுதான் உண்மையான கரைச்சல் தொடங்கியது. எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. விருந்துக்கு வந்தவர் நல்ல பொருளில் முதலில் கை வைக்கமாட்டார், காய்ந்து கிடந்து வந்த கூட்டம் என்று நினைத்துவிடுவார்கள் என்ற பயம். வந்தவர் தொடாமல் வீட்டுக்காரர் தொடமாட்டார், அது மரியாதை. வழக்கமாக வீட்டுக்காரி அகப்பையால் அள்ளி வந்தவரின் சோற்றுக் கோப்பையில் போட்டுவிடுவாள், பிரச்சினை தீர்ந்துவிடும். ஆனால் அன்றைக்கு என்னால் அள்ளிப் போட முடியவில்லை. இறாலால் வாயை அடைத்துவிட்டுக் காணி கேட்கிறாள் என்று பிறகு ஒரு கதை வரக்கூடாது, பாருங்கள்.

“இறால் எடுங்கோவன் அத்தான்.”

“ஓம், எடுக்கிறன். நீங்கள் முதல் எடுங்கோ.”

“அக்கா, எடுங்கோ.”

“இருக்கட்டும், இருக்கட்டும். பிள்ளைக்குக் குடுங்கோ.”

ஒருவரும் எடுக்கவில்லை. எல்லோரும் பீற்றூட் தின்றோம். சோறு சிவந்தது, விரல் சிவந்தது, அத்தானின் சேட்டில் ஒரு சொட்டு விழுந்து பரவியது. அவர் எதிலும் பிடிகொடுக்காத ஆள், கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். ஆனால் அன்றைக்கு அவர்தான் பேச்சைத் தொடக்கினார்.

“பீற்றூட் உடம்புக்கு நல்லது.”

“ஓம், ரத்தம் ஊறுமாம்,” என்றார் என் மனுசன்.

“நுவரெலியாவிலை இருந்துதானே வாறது?”

“ஓம் ஓம். லொறியிலை.”

“அங்கை சரியான குளிராம்.”

“ஓம், குளிர்தான்.”

இரண்டு பேரும் நுவரெலியாவைக் கண்ணால் கண்டதில்லை. கடலில் பிறந்து கடலில் நரைத்த இரண்டு மனிதர்கள், மூக்குக்கு நேரே உள்ளி மணக்க இறால் ஆறிக்கொண்டிருக்க, மலைநாட்டு மரக்கறியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது. இனி நானே கேட்டுவிடுகிறேன், வருவது வரட்டும் என்று தொண்டையைச் செருமினேன். அதற்குள் அக்கா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, கையைக் கோப்பையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

“நாங்கள் எப்ப வீட்டை விடவேணும்?”

“எந்த வீட்டை?” என்றேன். உண்மையிலேயே எனக்கு விளங்கவில்லை.

“அம்மாவின்ரை வீட்டை. உங்கடை வீட்டை. ஒரு நாளைச் சொல்லுங்கோ, விட்டிடுறம். ஒண்டு மட்டும் கேக்கிறம். பின்வளவிலை ஒரு துண்டு தந்தால் கொட்டில் ஒண்டு போட்டுக்கொண்டு இருந்திடுவம். அரிப்பிலை இவருக்கு இப்ப ஒருத்தரும் இல்லை.”

“கம்பும் ஓலைக் கிடுகும் வாங்கி வைச்சாச்சு,” என்றார் அத்தான், சோற்றைப் பார்த்துக்கொண்டு. “நீங்கள் ஓம் எண்டால் சரி.”

இத்தனை நாளும் மனதுக்குள் சொல்லிப் பழகிய அழகான வசனம் எல்லாம் எனக்கு மறந்துபோனது. “பின்வளவு தர ஏலாது, அது எனக்கு வேணும்,” என்று வந்தது வாயில்.

அக்காவின் முகம் வெளிறிவிட்டது. “அதுவுமோ?” என்றாள்.

“ஐயோ, அது மட்டும்தான் வேணும். வீடு வேண்டாம். வீட்டுத்திட்டத்துக்குக் காட்ட ஒரு துண்டுக் காணி. அதைக் கேக்கத்தான் உங்களைச் சாப்பிடக் கூப்பிட்டனாங்கள்.”

அக்காவுக்குக் கோபம் வந்தது. நான் நினைத்தேன் சந்தோசப்படுவாள் என்று. எங்கே? “வீடு உன்ரை. நீ ஏன் பின்வளவுக்குப் போறாய்? ஊர் என்னை என்ன சொல்லும்? தங்கச்சியைக் கோடிக்குள்ளை தள்ளிப்போட்டு மூத்தவள் வீட்டுக்குள்ளை இருக்கிறாள் எண்டு சொல்லாதோ?”

“அம்மாவைப் பார்த்தவள் நீ. உன்னை எழுப்பிப்போட்டு நான் உள்ளுக்குப் போனால் மட்டும் ஊர் எனக்குப் பூமாலை போடுமோ?”

“எடியே, தாய் குடுத்ததை வேண்டாம் எண்டு சொல்ல நீ ஆரடி? நான்தான் பின்வளவுக்குப் போவன்.”

“நான்தான் போவன்.”

சத்தம் கூடிவிட்டது. பின்வளவு யாருக்கு என்று இரண்டு பேரும் எழும்பி நின்று பிடித்த சண்டை அது. நல்ல வீடு நடுவில் கிடக்க, அதை ஆளுக்காள் மற்றவளின் தலையில் கட்டப் பார்த்தோம். கோபத்தில் நான் பீற்றூட்டையும் இழுத்தேன். வளவு நிறையக் காய்கறி இருக்க இந்தச் சனியனை ஏன் சமைத்துக்கொண்டு வந்தாய் என்று கேட்டேன். “உன்ரை மரத்துக் காயை உனக்கே தானம் பண்ண நான் ஆர்?” என்று அவள் திருப்பிக் கேட்டாள். அந்த நேரம் பார்த்து இரண்டு ஆம்பிளைகளும் சத்தமில்லாமல் இறாலில் கை வைத்துவிட்டார்கள். “உள்ளி நல்லாய்ப் பொரிஞ்சிருக்கு,” என்று அத்தான் என் மனுசனிடம் மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது. மகளும் எங்கிருந்தோ வந்து ஒரு கோப்பையோடு அவர்களுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

நான் களைத்துப்போய்க் கதிரையில் இருந்தேன். “அக்கா, விசர்க்கதை கதையாதை. இவ்வளவு வருசம் இருந்த வீடு. அம்மாவின்ரை அறையிலை படுத்துப் பழகினவள், கிடுகுக் கொட்டிலிலை எப்பிடிப் படுப்பாய்?” என்றேன்.

“அறையிலை நாங்கள் படுக்கிறேல்லை,” என்றாள் அக்கா. ஒரு பெரிய விசயமாக அவள் அதைச் சொல்லவில்லை. “அது பூட்டித்தான் கிடக்கு. அம்மாவை அடக்கத்துக்கு எடுத்தவுடனை கூட்டிக் கழுவிப் பூட்டினனான். சின்னவளின்ரை அறை எண்டு அம்மா சொன்னதெல்லே.”

“அப்ப எங்கை படுக்கிறனீங்கள்?”

“விறாந்தையிலை.”

நான் அத்தானைப் பார்த்தேன். வாய் நிறைய இறாலோடு ஓம் என்று தலையாட்டினார். அந்த விறாந்தை எனக்குத் தெரியும். மூன்று பக்கமும் திறந்தது, கடலைப் பார்த்தபடி.

“மழைக்கு?” என்றேன்.

“சாக்குக் கட்டுவம்,” என்றார் அத்தான், விழுங்கிவிட்டு. “வாடைக்காத்து நேரத்திலை மட்டும் கொஞ்சம் நனையும்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. எழும்பிப் போய், பீற்றூட் பிரண்ட கையாலேயே அக்காவின் முதுகில் ஓங்கி ஓர் அடி போட்டேன். அவள் சோற்றுக் கையாலேயே என் தலைமயிரைப் பிடித்து இழுத்தாள்.