மடித்து எடுத்த மறுபாதி

காளியண்ணன் வாத்தியார் பெயரை எடுத்தாலே ராசிபுரத்தில் சிரிப்பார்கள். "ரெட்டப் பூச்சி வாத்தியாருங்களா?" என்பார்கள். ஒரே பூச்சியை இரண்டு பூச்சி என்று புத்தகத்தில் எழுதி, சீமைக்காரனிடம் மாட்டிக்கொண்டு அசிங்கப்பட்டவர் என்று கதையாகச் சொல்வார்கள். சிரிக்கிறவன் வாயில் ஒரு பிடி மண்ணை அள்ளிப் போடலாமா என்று எனக்கு வரும். போட்டதில்லை. அதற்கு எனக்கு யோக்கியதை கிடையாது. ஏன் கிடையாது என்பதை இத்தனை வருஷம் எவரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். இப்போது எழுதிவிடுகிறேன்.

அவர் நாமக்கல் பக்கத்துப் பண்ணையக்காரர் வீட்டுப் பிள்ளை. காடு தோட்டமென்று நிறைய இருந்தும் பட்டணத்துக்குப் போய்ப் படித்து, ராசிபுரத்தில் ஹைஸ்கூல் வாத்தியாராக வந்து சேர்ந்தார். ஆறு வயதில் அம்மை வார்த்து இடது கண் போய்விட்டது. மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணால் அவர் பார்க்க ஆசைப்பட்டது என்னவென்றால், தண்ணிப் பூச்சி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சேலம் பஸ் பிடித்துப் பனமரத்துப்பட்டி ஏரிக்குப் போவார். கொசுவலைத் துணியைக் கம்பி வளையத்தில் தைத்து ஒரு வலை வைத்திருந்தார். சேலம் டவுனே குடிக்கிற தண்ணீர் அது. காவல்காரன் சும்மா விடுவானா?

"ஏனுங்க, ஊரே குடிக்கற தண்ணியில எறங்கறீங்களே, நாயமா?"

"நான் எறங்கலீங்க. வலை மட்டுந்தான் எறங்குது. ஊரு குடிக்கறதுக்குள்ள பூச்சிய எடுத்துட்டா நல்லதுதானுங்களே?"

அவர் பேச்சு எப்போதும் அப்படித்தான். பள்ளிக்கூடத்துப் பையன்களைக்கூட 'ங்க' போட்டுத்தான் கூப்பிடுவார். ஒரே மாதத்தில் அந்தக் காவல்காரனே செம்பில் பூச்சி பிடித்து வைத்துக்கொண்டு அவருக்காகக் காத்திருக்க ஆரம்பித்தான்.

நான் தங்கசாமி. பட்டுச் சேலைக் கரைக்கும் முந்தானைக்கும் கட்டம் போட்ட தாளில் படம் எழுதிக் கொடுப்பது என் தொழில். 1933 ஐப்பசியில் ஒருநாள் வாத்தியார் தன் சம்சாரம் பெரியநாயகியின் சேலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"இந்தக் கரையில கிளி போட்டது ஆருங்க?"

"நான்தானுங்க. ஏனுங்க, எதாச்சும் கொறையா?"

"கொறையா! கிளிக்கு முன்னால ரெண்டு வெரலு, பின்னால ரெண்டு வெரலுன்னு கரெக்டாப் போட்டிருக்கறீங்க. எல்லாருமே முன்னால மூணு போட்டுத் தொலைப்பாங்க. ஒங்களுக்குக் கண்ணுன்னா கண்ணுங்க."

அந்தக் கிளியை என் அப்பன் காலத்துத் தாளைப் பார்த்து அப்படியே எடுத்திருந்தேன். கிளியின் விரலை நான் ஜென்மத்தில் எண்ணியதில்லை. அதைச் சொன்னேனா? சொல்லவில்லை. தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டேன்.

அவர் ஒரு நெருப்புப்பெட்டியைத் திறந்து காட்டினார். பஞ்சின் மேல் நொய்யரிசி அளவில் ஒரு வண்டு. மஞ்சளும் காப்பிக்கொட்டை நிறமுமாக முதுகில் நெளிநெளியாகக் கோடு. தண்ணீருக்குள் முங்கும்போது பின்பக்கத்தில் ஒரு சொட்டுக் காற்றைப் பிடித்துக்கொண்டு போகுமாம். உலகத்தில் எவரும் இதுவரை எழுதாத பூச்சி இது, கல்கத்தா சஞ்சிகைக்கு எழுதப் போகிறேன், படம் நீங்கள்தான் போட வேண்டும் என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பள்ளிக்கூடத்து மைக்ராஸ்கோப்பைக் கேட்டு வாங்கி வந்து என் வீட்டில் வைத்தார். முதுகுக் கோடு, கால், மீசை எல்லாம் போட்டு முடித்தேன். பிறகுதான் சங்கடம் வந்தது. ஒரு துண்டு அட்டையில் கடுகில் கால்வாசி இருக்கும் எதையோ ஒட்டிக் கொண்டுவந்து, குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்.

"இது ஆம்பளப் பூச்சியோட குறிங்க. மேலாப்பல பாத்தா இந்தப் பூச்சியெல்லாம் அண்ணந் தம்பியாட்டம் ஒண்ணாத்தான் இருக்கும். இதை வெச்சுத்தான் இன்ன இனம்னு சொல்றது. ஆம்பள இது ஒண்ணுதான் ஆப்புட்டுது. பதனமாப் பாத்துப் போடுங்க."

எனக்குக் காது சுட்டது. அவர் போனபின் உட்கார்ந்தேன். கண்ணாடியில் கண்ணை வைத்தேனோ இல்லையோ, என் வீட்டுக்காரி சென்னியம்மாள் வந்து நின்றாள். கூடவே அவள் தங்கச்சி, என் கொழுந்தியாள்.

"ஏனுங்க, அட்டையில இதென்னுங்க தூசியாட்டம்?"

"பூச்சியோட முள்ளு. போடி அக்கட்டால!"

"நானுந்தான் பாக்கறேனே."

பார்த்தாள். பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். என் முகமே காட்டிக் கொடுத்துவிட்டது போலிருக்கிறது. இரண்டு பேரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார்கள். அடுப்படியிலிருந்து சிரிப்பு அடங்கவே இல்லை. நான்கு பிள்ளை பெற்றவன் நான், என்னை வெட்கம் பிடுங்கித் தின்றது. எப்படியாவது முடித்து அந்தக் கண்ணாடியைத் தூக்கி மூலையில் வைத்துவிட வேண்டும் என்றாகிவிட்டது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பூவோ கொடியோ மயிலோ, பாதிதான் எழுதுவோம். தாளை நடுவில் மடித்து, வெளிச்சத்தில் பிடித்து, மறுபாதியை அப்படியே எடுத்துவிடுவோம். இரண்டு பக்கமும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக வர அதுதான் வழி. அன்றைக்கும் கை தன்னால் அதைத்தான் செய்தது. வலது பாதியைப் பார்த்து எழுதினேன். இடது பாதியைப் பார்க்கவே இல்லை. மடித்து எடுத்துவிட்டேன். கோயில் கோபுரம் மாதிரி அம்சமாக, நேராக வந்திருந்தது படம்.

மறுநாள் வாத்தியார் படத்தை நெடுநேரம் பார்த்தார். பையிலிருந்து தன் நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

"நான் பாத்தப்ப நுனி எடப்பக்கமா வளைஞ்சாப்பல இருந்துதுங்களே. அப்படித்தான் எழுதியும் வெச்சிருக்கறேன். நீங்க நேராப் போட்டிருக்கறீங்க?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வார்த்தை. 'மடித்து எடுத்துவிட்டேன், கொடுங்கள், பார்த்துப் போடுகிறேன்.' ஒரு நாள் வேலை. அவர் சிரித்துக்கொண்டே கொடுத்திருப்பார். ஆனால் கிளிக்கு விரல் எண்ணியவன் என்று பேர் வாங்கியவன் அல்லவா நான்! நாக்கில் சனியன் வந்து உட்கார்ந்துகொண்டது.

"வளைஞ்சிருந்தா வளைச்சுத்தானுங்க போட்டிருப்பேன். பாத்தபடிக்குத்தான் போட்டேன்."

"அப்ப என்ற ஒத்தக் கண்ணுதான் ஏமாத்திப்போட்டுது" என்றார் அவர். என் முன்னாலேயே பேனாவை எடுத்து, தான் எழுதியிருந்த வரியை அடித்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த வருஷம் அச்சில் வந்தது. படத்துக்குக் கீழே என் பெயர். தறிக்காரர் தெரு முழுக்க அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். படம் எதைப் பற்றியது என்று கேட்டவர்களுக்கு 'முள்' என்றே சொன்னேன்.

எட்டு மாதம் கழித்துச் சீமையிலிருந்து ஒரு கடிதம். இந்தப் பூச்சிகளைக் கரைத்துக் குடித்த ஒரு பெரியவர் எழுதியிருந்தார். இந்த வகையில் அந்த உறுப்பு நேராக இருக்கிற பூச்சியைத் தான் கண்டதில்லை, மறுபடி பார்க்கவும் என்று. மறுபடி பார்க்க வாத்தியாரிடம் பூச்சி இல்லை. முறைப்படி அதைக் கல்கத்தா மியூசியத்துக்கு அனுப்பிவிட்டார். மூன்று ஞாயிறு ஏரியில் கிடந்து இன்னொரு ஆண் பூச்சியைப் பிடித்து என்னிடம் கொண்டுவந்தார்.

"நீங்களே பாருங்க. என்ற கண்ணை நம்பி ஒண்ணும் சொல்லப்படாது."

இந்தத் தடவை கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். வெண்டைக்காய் நுனி போல இடப்பக்கம் வளைந்திருந்தது. சந்தேகமே இல்லை. அவர் பார்த்ததுதான் சரி. பார்த்தபடியே எழுதிக் கொடுத்தேன்.

"வளைஞ்சிருக்குதே!" என்றார். "அப்ப மொதப் பூச்சி?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் ஒரு உருண்டையோடு நிறுத்துவானா?

"அது நேராத்தானுங்க இருந்துது. இது வேற இனமா இருக்குமுங்க" என்றேன்.

அந்த மனிதர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு இனம்! ஒரே ஏரியில ரெண்டு புது இனம்! நீங்க இல்லாட்டி நான் கண்டிருப்பனுங்களா?" என்றார். உட்கார்ந்து இரண்டாவது கட்டுரையை எழுதினார். வளைந்த பூச்சிக்கு என் பெயரை வைத்தார். தங்கசாமியோடு லத்தீன் வால் ஒன்றை ஒட்டி. அச்சில் பார்த்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. சென்னியம்மாள் மட்டும், "பூச்சிக்குப் போயி ஒங்க பேரை வெச்சாங்களாமா?" என்று கொழுந்தியாளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

1937ல் வெடித்தது. சீமைப் பெரியவர் கல்கத்தாவிலிருந்து முதல் பூச்சியை வரவழைத்து, ஊற வைத்துப் பார்த்துவிட்டார். அதுவும் இடப்பக்கம் வளைந்ததுதான். இரண்டும் ஒன்றே, இரண்டாவது பெயர் செல்லாது என்று அச்சிட்டார். அதோடு விட்டிருக்கலாம். இந்த ஆசிரியர் பூச்சியைப் பார்க்காமல் படத்தைப் பார்த்து எழுதுகிறவர், இவர் சொல்லை நம்புவதற்கில்லை என்றும் ஒரு வரி எழுதினார். வாத்தியார் நாலு வருஷம் உழைத்து அனுப்பி வைத்திருந்த வேறு கட்டுரை ஒன்று வந்த வழியே திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அவர் எழுதிய எதையும் எவரும் வாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் மற்ற வாத்தியார்கள் மூலம் பையன்களுக்குத் தெரிந்து, கரும்பலகையில் இரண்டு வண்டு வரைந்து வைத்தார்கள். அவருக்கு இருந்ததே அந்தச் சொல் சுத்தம் ஒன்றுதான். அதுவும் போயிற்று.

இரண்டு மாதம் அவர் கண்ணில் படாமல் சந்து சந்தாகச் சுற்றினேன். பிறகு ஒருநாள், இனிமேல் தாங்காது, காலில் விழுந்து சொல்லிவிடுவது என்று அவர் வீட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் அந்த மனிதர் எழுந்து வாசலுக்கே வந்து இரண்டு கையையும் கூப்பினார்.

"நானே வாரணும்னு இருந்தேனுங்க. மூஞ்சியக் காட்ட வெக்கமா இருந்துது. என்னாலதானே ஒங்க பேரு இப்பிடி ஆயிருச்சு!"

"என்னுங்க வாத்தியாரே இது…"

"சொல்ல உடுங்க. ஒங்ககிட்டக் குடுத்த பூச்சி வேற, கல்கத்தாவுக்கு அனுப்புனது வேற. ஒத்தக் கண்ணுல, பொட்டியில கெடந்த வேறொரு பூச்சியோட அட்டைய ஒங்களுக்கு மாத்திக் குடுத்துப்போட்டேன். அந்த அட்டையும் இப்பக் காணோம். வேற எப்பிடி ஆவும்? நீங்க பாத்தது நேராத்தான் இருந்திருக்குது. ஒங்களப் பொய்யனாக்கிப்போட்டேன். மன்னிச்சுக்கோணும்."

பெரியநாயகி மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ரெண்டு மாசமா இதே பொலம்பல்தானுங்க. தூக்கமே இல்ல. நீங்க ஒரு வார்த்தை சொன்னாத்தான் ஆறும்" என்றாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தூ! எழுதவே கை கூசுகிறது.

"பரவால்லீங்க வாத்தியாரே. மனுசன்னா தப்பு வாரதுதான். நான் ஒண்ணும் நெனச்சுக்கல" என்றேன். அவரை நான் மன்னித்தேன். கொடுத்த மோரையும் குடித்தேன்.

அன்றோடு அவர் விட்டிருந்தால்கூட நான் எப்படியோ மறந்து தொலைத்திருப்பேன். விடவில்லை. நேரான பூச்சி அந்த ஏரியில்தான் இருக்கிறது, அதைப் பிடித்துக் காட்டினால் உங்கள் படம் பொய் இல்லை என்று ஆகிவிடும் என்றார். ஞாயிறுதோறும் தேட ஆரம்பித்தார். துணைக்கு என்னையும் கூப்பிட்டார். எந்த வாயால் மாட்டேன் என்பது? போனேன். ஏழு வருஷம் போனேன். அவர் வலை போடுவார், நான் கண்ணாடியில் பார்ப்பேன். ஒவ்வொரு வாரமும் சொல்லிவிடலாம் என்றுதான் பஸ் ஏறுவேன்.

1944 மாசியில் அவருக்கு மிச்சமிருந்த கண்ணும் பால் படர்ந்துவிட்டது. பஸ்ஸில் ஏற்றி இறக்க ஆள் வேண்டும். அந்த நிலைமையிலும் ஏரிக்கரையில் உட்கார்ந்துகொண்டு, பூச்சியைத் தொட்டுப் பார்த்து என் உள்ளங்கையில் வைத்தார். நான் ஊசியால் அந்த உறுப்பைப் பிரித்து எடுத்துக் கண்ணாடியின் கீழ் வைத்தேன்.

"எப்பிடீங்க?"

நேராக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தக் கிழடு சந்தோஷத்தில் கூத்தாடும். சரிபார்க்க அவருக்குக் கண் இல்லை. அந்த ஆசை எனக்கு வந்தது, வரவில்லை என்று சொல்ல மாட்டேன்.

"வளைஞ்சுதானுங்க இருக்குது" என்றேன்.

அவர் சிரித்தார். "வேற ஆராச்சும்னா, குருட்டுக் கெழவனுக்கு என்ன தெரியும், நேருன்னு சொல்லித் தொலைப்போம்னு சொல்லியிருப்பாங்க. ஒங்க வாயில பொய் வராதுங்க. மொதல்லயும் சரி, இப்பவும் சரி. அதை நம்பித்தானே வாரது" என்று என் முழங்கையைத் தடவித் தடவிப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது. கையைப் பிடித்துக் கரைமேல் ஏற்றினேன்.